ஐந்நூறு பவுன் பூணூலும் கயலின் பதக்கமும்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், மணிலாவில் பள்ளிக்கூடப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் எல்லோரும் அரைத் தையல்காரர் ஆகிவிடுவோம். இங்கே அது மொழி மாதம். ‘புவான் நங் விகா’ என்பார்கள். மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வரவேண்டும். வழக்கமாக, தோளில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி விறைத்து நிற்கும் கை வைத்த சட்டையும் நீளப் பாவாடையும் போதும். மாலில் ரெடிமேடாகத் தொங்கும், வாங்கி மாட்டிவிடலாம். இந்த வருஷம் என் மகள் கயலின் வகுப்பு டீச்சர் சுற்றறிக்கையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துவிட்டார்: ஸ்பானியர் வருவதற்கு முன்பு இருந்த உடையும் நகையும்தான் வேண்டும்.

அந்தப் பாவாடை, சட்டை எல்லாம் ஸ்பானியர் காலத்திலும் அதற்குப் பிறகும் உருவானவை. ஆக, மெகல்லன் கப்பல் வந்த 1521-க்கு முன்னால் போகவேண்டும். கயலுக்கு, நாட்டின் நடுவிலுள்ள விசாயாஸ் தீவுகளைச் சேர்ந்த விசாயன் பெண் வேஷம். துணிக்குக் கவலையில்லை, என்னிடம் இருக்கும் கோடு போட்ட பருத்திப் புடவையை வெட்டினால் ஆயிற்று. நகைதான் சிக்கல்.

நகை என்றதும் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மதுரையில் தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவர். குமுட்டி அடுப்பின் புகையில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். ‘பிலிப்பைன்ஸில் அந்தக் காலத்தில் என்ன பெரிய நகை இருந்திருக்கும், மணியும் சோழியும் கோத்துப் போட்டிருப்பார்கள்’ என்று நினைத்துக்கொண்டுதான் மக்காட்டியில் இருக்கும் அயாலா அருங்காட்சியகத்துக்குக் கயலைக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே வந்து ஆறு வருஷமாகிறது. பக்கத்து மாலுக்கு ஆயிரம் தடவை போயிருப்பேன். இதற்குள் ஒரு தடவைகூட நுழைந்ததில்லை.

நாலாவது மாடி. இருட்டான கூடம், கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் வெளிச்சம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தங்கச் சாமான்கள் இருக்கும் சேகரிப்பு. அகலமான இடுப்புப் பட்டைகள், காதுத் தோடுகள், வளைகள், கிண்ணங்கள், குத்துவாளின் பிடி உறைகள். பாதி பெண், பாதி பறவையாக ஒரு கின்னரிப் பாத்திரம். கயல் பெட்டிக்குப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தாள். நான் ஒரே பெட்டி முன்னால் நின்றுவிட்டேன்.

அதில் இருந்தது பூணூல். வேறு எப்படியும் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக இறங்கி இடுப்பருகே போய்ச் சேரும்படி கிடந்தது. ஆனால் நூல் இல்லை, கயிறு மொத்தத்துக்கு முறுக்கிப் பின்னின தங்கம். அருங்காட்சியகக்காரர்களும் பூணூலோடுதான் அதை ஒப்பிடுகிறார்கள். எடை ஏறக்குறைய 4 கிலோ. பவுனுக்கு 8 கிராம் என்று அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். ஐந்நூறு பவுன்! பத்திலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் செய்தது. 1981 ஏப்ரலில், மிண்டனாவோ தீவின் சுரிகாவோ பகுதியில் நீர்ப்பாசன வேலைக்காக மண் தள்ளிக்கொண்டிருந்த ஓர் இயந்திர ஓட்டுநரின் கண்ணில் பட்ட புதையலில் கிடைத்தது.

அன்று ராத்திரி இணையத்தில் கிடைத்த படங்களை அப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு எழுபத்து நாலு வயது, பட்டறையை மூடிப் பல வருஷமாகிறது. வீடியோ அழைப்பில் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். எங்களுக்கு அவருடைய புருவம் மட்டும்தான் தெரிந்தது.

“இது அச்சுல வார்த்தது இல்லம்மா. கம்பி இழுத்து, வெட்டி, வளையமாக்கி, மொதல்ல ஒவ்வொரு வளையத்தையும் பத்தவச்சிருக்கான். அப்புறம் அதை நசுக்கி, நீளவாக்குல மடக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டுக் கோத்திருக்கான். கோத்த பிறகு நெருப்பே காட்டலை. நெருப்புக் காட்டினா எல்லாம் ஒட்டிக்கும், இப்படி வளையாது.”

“எத்தனை வளையம் இருக்கும்ப்பா?”

“எண்ணறதுக்கு ஒருத்தன் வேணும். செய்யறதுக்கு ஒரு பட்டறையே வேணும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். ஆவணி அவிட்டத்துக்கு மாற்றின புதுப் பூணூல் மார்பில் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பெருவிரலால் ஒருதரம் நெருடிவிட்டுச் சொன்னார்: “இதைப் போட்டுக்கிட்டு எவனும் குனிஞ்சு வேலை செய்ய முடியாது. இது செஞ்சவன் போட்டது இல்ல, செய்யச் சொன்னவன் போட்டது.”

இன்னொரு படத்தில் அவர் இன்னும் நேரம் எடுத்துக்கொண்டார். தங்கத் தகட்டின் மேல் கடுகைவிடச் சின்ன உருண்டைகளை நெருக்கமாக வைத்து ஒட்டின வேலை. உருண்டை செய்வது பெரிய வித்தை இல்லை என்றார். மெல்லிய கம்பியைத் துணுக்குத் துணுக்காக நறுக்கிக் கரித்தூளில் போட்டுச் சூடாக்கினால், உருகும்போது அதுவே திரண்டு உருண்டையாகிவிடும். வித்தை, அதை ஒட்டுவதில் இருக்கிறது. சூடு ஒரு கணம் கூடினால் உருண்டையும் தகடும் சேர்ந்து குழம்பாகிவிடும். குறைந்தால் மறுநாள் உதிர்ந்துவிடும். நாம் பேச்சில் ‘பொடி வைத்து ஊதுகிறான்’ என்கிறோமே, அந்தப் பொடியும் ஊதலும் இந்த வேலையிலிருந்து வந்தவைதான். வெங்காரத்தைத் தடவி, பற்றுப்பொடியைச் சாமணத்தால் துளி வைத்து, ஊதுகுழலில் மூச்சை அடக்கி அடக்கி விடுவது. “இவன் பொடி வச்ச இடமே தெரியலையே” என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். அவர் வாயிலிருந்து இன்னொரு பத்தரைப் பற்றி வந்த ஆகப்பெரிய பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போட்டுத் தொலைத்தேன். பெரியப்பா ஐந்து நிமிஷத்தில் பதில் போட்டார்: “பாத்தியா, சோழன் அங்கயும் போயிட்டான்! எல்லாம் நம்ம ஆளுங்க செஞ்சது.” கூடவே புலிக்கொடிப் படம். ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி கடாரம், ஸ்ரீவிஜயம் என்று பன்னிரண்டு பதின்மூன்று ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் பிலிப்பைன்ஸ் ஊர் ஒன்றும் இல்லை. பூணூல் என்ற எண்ணம் இந்தியாவிலிருந்து கிளம்பியது என்பது சரி. ஆனால் அது நேராக இங்கே வந்து குதிக்கவில்லை. சுமத்ரா, ஜாவா என்று கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது. தங்கமோ இந்த மண்ணின் தங்கம். மெகல்லனோடு வந்து பயணக் குறிப்பு எழுதிய பிகஃபெட்டா, மிண்டனாவோவிலுள்ள புத்துவான் ராஜாவின் தீவில் மண்ணைச் சலித்தாலே வாதுமைக்கொட்டை அளவிலும் முட்டை அளவிலும் தங்கக்கட்டி கிடைக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த ராஜாவின் காதில் பெரிய தங்க வளையம், இடுப்பில் தங்கப்பிடி போட்ட குத்துவாள், ஒவ்வொரு பல்லிலும் மூன்று தங்கப் பொட்டு. கொல்லனுக்கு இவர்கள் மொழியில் ‘பண்டாய்’ என்று சொந்தச் சொல் இருக்கிறது. வேலை இவர்களுடையது.

பெரியப்பாவுக்குச் சமாதானமாக ஒன்று சொன்னேன். புத்துவானிலிருந்து சீனாவின் சோங் அரசவைக்கு 1001-இல் தூது போயிருக்கிறது. சோழ தூதர்கள் அதே அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது 1015-இல். பதினாலு வருஷ இடைவெளியில் ஒரே வாசற்படியில் நின்றிருக்கிறார்கள் இரண்டு ஊர்க்காரர்களும். அவர் அதற்கும் புலிக்கொடிதான் அனுப்பினார்.

சரி, கயலின் நகைக்கு வருகிறேன்.

விசாயன் பெண்ணுக்குக் கழுத்தில் ‘கமாகி’ வேண்டும். நுணுக்கமான தங்க மணிகளை ஒன்றோடு ஒன்று பொருந்திக்கொள்ளும்படி செய்து கோத்த நீளச் சங்கிலி. மணி மணியாகத் தெரியாது, பாம்பு மாதிரி ஒரே உடம்பாக வழுக்கிக்கொண்டு வளையும். 1590-ஐ ஒட்டி மணிலாவில் வரைந்த ஓவியங்கள் கொண்ட ‘பாக்ஸர் கோடெக்ஸ்’ என்ற கையெழுத்துப் பிரதி இருக்கிறது. இப்போது அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள விசாயர், மணிலாப் பக்கத்துத் தகாலோகர் படங்கள்தான் இன்றைக்கு நகை வடிவமைப்பவர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும், என்னைப் போல ராத்திரி பதினொரு மணிக்கு விழித்திருக்கும் அம்மாக்களுக்கும் மாதிரி. தங்க முலாம் பூசிய பித்தளையில் கமாகி மாதிரி செய்து நிறையப் பேர் விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு, நானே செய்கிறேன் என்று இறங்கினேன்.

தீவிசோரியா கடைத்தெருவில் தங்க நிறத்தில் தட்டை வட்டு மணி பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும். ஆறு பாக்கெட் வாங்கி மீன்பிடி நரம்பில் கோத்தேன். முதல் தடவை இறுக்கிக் கட்டினேன், குச்சி மாதிரி நின்றது. கயல் கழுத்தில் போட்டால் அவள் கழுத்தே சுளுக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. தளர்த்தினேன், இடையில் நரம்பு பல்லிளித்தது. அப்பாவைக் கேட்டேன். “மணியை முழுக்கத் தள்ளிட்டு ஒரு நெல்லு அளவு இடம் விட்டு முடி போடு. கையில எடுத்து நாலு தடவை உருவிவிடு, அது தானா எடம் பாத்துக்கும்” என்றார். ஒரு நெல். அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது தடவை முடிச்சுப் போட்டு உருவினேன். உள்ளங்கையில் ஊற்றினால் சரசரவென்று சுருண்டு உட்கார்ந்தது. கயல் அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

காதுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. விசாயர்கள் ஆணும் பெண்ணும் காதைக் குத்தி, துளையைப் பெரிதாக்கி, ‘பனிகா’ என்ற கனத்த தங்க நகையை மாட்டியிருக்கிறார்கள். கயலிடம் இதைச் சொன்னால், “யக்!” என்றாள். நான் அவளிடம் அப்பத்தாவின் படத்தைக் காட்டினேன். தோளைத் தொடும் காது, அதில் தொங்கும் தண்டட்டி. எங்கள் பட்டறைக்குத் தொண்ணூறுகளில் அதிகம் வந்ததே தண்டட்டியும் பாம்படமும்தான், புதிதாகச் செய்ய இல்லை, அழித்துச் செய்ய. அம்மா செத்த பதினாறாம் நாள் மகளும் மருமகளும் ஜோடியாக வருவார்கள். அழித்து ரெண்டு செயினாக அடித்துத் தரச் சொல்வார்கள். அப்பா மூசையில் போடுவதற்கு முன்னால் ஒருதரம் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே அரக்கு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பார்க்கிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

இங்கேயும் அதே கதைதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புத்துவான், சுரிகாவோ பக்கம் புதையல் தோண்டுவது ஒரு பிழைப்பாகவே இருந்திருக்கிறது. கிடைத்ததில் எவ்வளவோ எடைக்குப் போய் உருகிவிட்டது. மீந்ததைத் தனியார் சேகரிப்பாளர்களும் நாட்டின் மத்திய வங்கியும் வாங்கிவைத்ததால்தான் நாம் கண்ணாடிக்கு வெளியிலிருந்தாவது பார்க்கிறோம்.

கமாகி முடிந்த தைரியத்தில், மற்றதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மணிலாவின் கியாபோ பகுதிக்குப் போனோம். தேவாலய வாசலில் பித்தளைத் தாயத்துகள் விற்கிறார்கள், ‘அண்டிங்-அண்டிங்’. முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண், சுற்றிலும் சிதைந்த லத்தீன் மந்திரம். அதைத் தாண்டிப் பாலத்துக்கு அடியில் கைவினைக் கடைகள். கூடை, பாய், ஓலைத் தொப்பி, மணிமாலை. மிண்டனாவோவின் தபோலி மக்கள் தேன்மெழுகில் வடிவம் செய்து, மண் பூசி, உருக்கி ஊற்றி வார்க்கும் குட்டிக் குட்டிப் பித்தளைச் சலங்கைகளும் ஒரு கடையில் தொங்கின. அவர்கள் பெண்கள் அதை இடுப்புப் பட்டையில் வரிசையாகக் கோத்துக்கொள்வார்கள், நடந்தால் கேட்கும்.

கடைக்காரப் பையன்கள் என்னை ‘ஆத்தே, ஆத்தே’ என்று கூப்பிடுவார்கள். தகாலோக் மொழியில் அக்கா என்று அர்த்தம். மதுரைக்காரி காதுக்கு ஆறு வருஷமாகியும் அது யாரோ எதையோ பார்த்து வாயைப் பிளக்கிற மாதிரிதான் விழுகிறது.

எனக்கென்று அங்கே ஒரு ஜோடி ‘லிங்லிங்-ஓ’ வாங்கினேன். பித்தளைதான். நடுவில் துவாரம், கீழே ஒரு கீறல் பிளவு, மூடாத வளையம். பெண்ணின் கருவைக் குறிக்கும் வடிவம், பிள்ளைப்பேற்றுக்கு நல்லது என்று கடைக்காரம்மா சொன்னார். வடக்கே கோர்டில்லெரா மலையில் இன்றும் கழுத்திலும் காதிலும் போடுகிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. இதே வடிவத்தில் ஜேட் என்ற பச்சைக்கல்லில் செய்த தோடுகள் பலவான் தீவின் தபோன் குகைப் பக்கம் கிடைத்திருக்கின்றன, வியட்நாமிலும் கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் வருஷப் பழசு. சிலவற்றில் இரண்டு முனையிலும் விலங்குத் தலை, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேறு திசை பார்க்கும். அந்தக் கல்லைச் சோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது: பெரும்பாலானவை தைவானின் கிழக்குக் கரையில் ஒரே இடத்தில் வெட்டிய கல். கல் ஓர் ஊர், வேலை ஓர் ஊர், காது ஓர் ஊர். கடல் நடுவில் இருக்கிற பத்தானேஸ் தீவில் இதை அறுத்த மிச்சத் துண்டுகள்கூடக் கிடைத்திருக்கின்றன. பட்டறைக் குப்பை! எனக்கு அந்தக் குப்பையைத்தான் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் பட்டறைத் தரையைக் கூட்டின மண்ணைக்கூடத் தூரப்போட மாட்டோம், தங்கம் அலசுகிறவர்களுக்கு விற்போம்.

ஒன்றே ஒன்று என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு கடையில், பெயர் வேண்டாம், உதடு வடிவத்தில் தங்கத் தகட்டு ப்ரூச் இருந்தது. ரொம்ப அழகு. பழைய நகையின் மாதிரி என்று சீட்டு. அது நகையே இல்லை. செத்தவர்களின் கண், மூக்கு, வாய் மேல் வைத்து மூடிப் புதைத்த தகடு. இலோய்லோவின் ஓட்டோன் ஊரில் 1967-இல் அப்படி ஒரு மூக்குத் தகடும் கண் தகடும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வாய் வழியாக எதுவும் உள்ளே புகுந்துவிடக்கூடாது என்பதற்காக மூடினது என்று சொல்கிறார்கள். பார்த்ததும் எனக்கு வாய்க்கரிசிதான் ஞாபகம் வந்தது. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போவதா? செய்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் மாதிரியாக எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அது யார் உடம்பில் எப்போது கிடந்தது என்று சீட்டில் ஒரு வரி எழுதக்கூடாதா? கயல் என்னைக் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இனிமேல்தான் முக்கியமான கதை. பதக்கம்.

கயலின் பெயரைப் பழைய ‘பைபாயின்’ எழுத்தில் பொறித்த பதக்கம் வாங்கித் தருவதாகப் பிறந்தநாளுக்கே சொல்லியிருந்தேன். இப்போது அது பெரிய மோகம். பதக்கம், மோதிரம், பச்சை குத்திக்கொள்வது வரைக்கும். இந்த ஊர் ரூபாய்த் தாளிலேயே ‘பிலிப்பினோ’ என்று பைபாயினில் அச்சிட்டிருக்கிறது. நம் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம், பிராமி வழி வந்தது. மொத்தம் பதினேழு எழுத்து: மூன்று உயிர், பதினாலு மெய். மெய் என்றால் நம் ‘க்’ இல்லை, அகரம் ஏறின ‘க’. மேலே ஒரு புள்ளி வைத்தால் ‘கி’ அல்லது ‘கெ’, கீழே வைத்தால் ‘கு’ அல்லது ‘கொ’. குறில் நெடில் கிடையாது. ஆறேழு நாளில் படித்துவிடலாம்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் சொல்லி வரவழைத்தேன். பளபளவென்று வந்தது. ஐந்து எழுத்து. எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். கியாபோவில் தேங்காய்ச் சிரட்டையில் பெயர் வெட்டிக் கொடுக்கும் கல்லூரிப் பையன் ஒருவன் கயலின் கழுத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுப் படித்தான்: “க-அ-ய-அ-ல. இது என்ன பெயர், ஆத்தே?”

விஷயம் இதுதான். பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் நேராக ஒரு பைபாயின் எழுத்தை ஒட்டிவிட்டார்கள். ‘க’ என்ற எழுத்துக்குள்ளேயே அகரம் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் தனியாக இன்னோர் ‘அ’ எதற்கு? தமிழில் ‘கயல்’ என்பதைக் ‘கஅயஅல’ என்று யாராவது எழுதினால் எப்படி இருக்கும்? திருப்பித் தரக் கேட்டேன். பெயர் பொறித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. வாசகத்தை நான்தான் சரிபார்த்து ஒப்புக்கொண்டேனாம். அதுவும் உண்மைதான், படத்தை அனுப்பியிருந்தார்கள். நான் டிசைனைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

“சரி, இதை எப்படி எழுதணும்?” என்று அந்தப் பையனைக் கேட்டோம். அவன் ஒரு சிரட்டைத் துண்டில் பென்சிலால் இரண்டே எழுத்துப் போட்டான். க, ய. பழைய முறையில் சொல்லின் கடைசி மெய்யை எழுதவே மாட்டார்களாம். ‘புண்டொக்’ என்றால் மலை. அதைப் ‘புடொ’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், படிக்கிறவன் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். நமக்குப் புள்ளி இருந்தது, பிழைத்தோம். இவர்களுக்கு அது இல்லை. 1620-இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார் இலோக்கானோ மொழியில் ஞானோபதேசப் புத்தகம் அச்சிடும்போதுதான், எழுத்திலுள்ள உயிரொலியைக் கொல்ல அதற்குக் கீழே ஒரு சின்னச் சிலுவை போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

“கயல் என்று முழுசாக வேண்டுமானால் ‘ல’ போட்டுக் கீழே சிலுவை போடலாம். ஆனால் ஸ்பானியருக்கு முன்பு வேண்டும் என்றால் இந்த இரண்டு எழுத்துதான்,” என்றான். பிறகு கயலைப் பார்த்துச் சிரித்தான். “இப்படியே இருக்கட்டுமே. இதைக் ‘காயா’ என்று படிப்போம்.”

தகாலோக்கில் ‘காயா’ என்றால் முடியும் என்று அர்த்தம். ‘காயா மோ யான்’, உன்னால் முடியும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளிடம் எல்லா அம்மாக்களும் சொல்வது. கயலுக்குத் தலைகால் புரியவில்லை. சிரட்டைப் பதக்கம் 150 பேசோ. ஆடை அணிவகுப்பில் நான் நெல் அளவு பார்த்துக் கோத்த கமாகிக்கு மேலே அந்தக் கறுப்புச் சிரட்டைதான் ஆடியது. வகுப்பில் பாதிப் பேர் அவளை இப்போது காயா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அதே மேடையில் ஒரு பையன் ராஜா வேஷத்தில் தங்கச் சரிகைக் கயிற்றைப் பூணூலாகப் போட்டு வந்தான், வலது தோளில். போய் மாற்றிவிடலாமா என்று என் கை துறுதுறுத்தது. என்ன சொல்லி மாற்றுவது? சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு இந்தக் கதையை எல்லாம் சொன்னபோது, “பேத்திக்குச் சிரட்டையா? எழுத்தை எழுதி அனுப்பு, வெள்ளியில நான் செஞ்சு தர்றேன்,” என்றார். பட்டறைச் சாமான் எல்லாம் பரணில் கிடக்கிறது, கண்ணும் முன்போல இல்லை. நான் தடுக்கவில்லை. க, ய, ல. கடைசியில் சிலுவை. தாளில் பெரிதாக வரைந்து அனுப்பினேன்.

“கீழ எதுக்குச் சிலுவை?”

“மெய் ஆக்கறதுக்குப்பா. நம்ம புள்ளி மாதிரி.”

“அப்பப் புள்ளியே வச்சுடலாமே.”

“இங்க புள்ளி கீழே வச்சா உகரம் ஆயிடும்ப்பா. ‘ல’ போய் ‘லு’ன்னு படிப்பாங்க.”

“ஓஹோ,” என்றார். அதோடு விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. அவருடைய பழைய உரைகல்லின் மேல் வெள்ளிப் பதக்கம். மூன்று எழுத்தும் மெல்லிய கம்பியில் வளைந்து, தகட்டின் மேல் ஒட்டியிருந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன், பொடி வைத்த இடம் தெரியவில்லை. மூன்றாவது எழுத்துக்குக் கீழே சிலுவையைக் காணோம். கடுகு மாதிரி ஓர் உருண்டை மட்டும் வைத்திருந்தார்.

உடனே கூப்பிட்டேன். “அப்பா, அங்க புள்ளி வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே!”

“தெரியும், தெரியும். கயலு எங்க? போனை அவகிட்ட குடு,” என்றார்.